படகின் பின்புறத்தில் கார்பன் மோனாக்சைடு: முதன்முறை படகு எடுப்பவர்களுக்கான வழிகாட்டி

அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறையில் ஏரிக்குச் சென்று படகு வாடகைக்கு எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து மிதவைகளின் மேல் தட்டையான தளம் அமைந்த ஒரு பாண்டூன் படகையோ, சமையலறையும் படுக்கையும் உள்ள ஹவுஸ்போட்டையோ எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுடன் பகல் முழுவதும் தண்ணீரில் கழிக்கிறார்கள். புறப்படுவதற்கு முன் லைஃப் ஜாக்கெட்டைப் பற்றியும், மது அருந்திவிட்டுப் படகு ஓட்டக்கூடாது என்பதைப் பற்றியும் யாராவது ஒருவர் நிச்சயம் எச்சரிப்பார். ஆனால் படகின் பின்புறத்தில் வெளியேறும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு திறந்தவெளியிலேயே ஆளை மயக்கி மூழ்கடிக்கக்கூடியது என்பதைப் புதிதாகப் படகு எடுப்பவரிடம் எடுத்துச் சொல்பவர் குறைவு. அந்தக் குறையை ஈடுசெய்வதற்காகவே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

பின்வரும் எல்லா விவரங்களும் ஒரே விதியைச் சுற்றியே அமைந்திருப்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடிக்கொண்டிருக்கும்போது படகின் பின்மேடையிலோ, அதை ஒட்டிய தண்ணீரிலோ யாரும் இருக்கக்கூடாது. பின்புற ஏணியை இறக்குவதற்கு முன் இரண்டும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.

வாயுவைப் பற்றிச் சில செய்திகள்

பெட்ரோல், டீசல், எரிவாயு, கரி என எந்த எரிபொருளும் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமோ மணமோ இல்லை. கண்ணையோ தொண்டையையோ அது உறுத்துவதும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்புடன் ஒட்டிக்கொள்வதால், சுவாசிக்கும் காற்றில் போதிய ஆக்சிஜன் இருந்தாலும் மூளைக்கும் இதயத்துக்கும் அது போய்ச் சேருவதில்லை. இந்த வாயுவின் அடர்த்தி காற்றின் அடர்த்திக்கு மிக நெருங்கியது என்பதால், அது வேகமாக மேலே எழுந்து விலகிவிடும் என்றோ கீழே படிந்துவிடும் என்றோ கணக்குப் போட முடியாது; காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அதுவும் போகும், காற்று அசையாத இடத்தில் அதுவும் அங்கேயே நிற்கும்.

காரில் இவ்வளவு பயமில்லையே, படகில் மட்டும் ஏன் என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டு மாடல்கள் முதலே கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பொருத்தப்படத் தொடங்கியது. புகைக்குழாயை விட்டு வெளியேறுவதற்கு முன்பே கார்பன் மோனாக்சைடின் பெரும்பகுதியை அது வேறு வாயுவாக மாற்றிவிடுகிறது. படகு எஞ்சின்களுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு வெகுகாலம் இருக்கவில்லை. படகின் உள்ளே அமைக்கப்படும் பெட்ரோல் எஞ்சின்களுக்கு 2010 ஆம் ஆண்டு மாடல்களிலிருந்துதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கடுமையான விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய படகுகள் இன்னும் ஏரிகளில் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. பின்னால் தொங்கும் அவுட்போர்டு எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் இன்றும் கன்வெர்ட்டர் கிடையாது. டீசல் எஞ்சின் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு பெட்ரோல் எஞ்சினைவிட மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் வாடகைக்குக் கிடைக்கும் சிறிய உல்லாசப் படகுகளில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஓடுபவை.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான படகுகளில் சூடான புகையோடு தண்ணீரைக் கலந்து, குளிரவைத்து, நீர்மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ வெளியேற்றுகிறார்கள். இதனால் சத்தமும் கரியும் நெடியும் குறைகின்றன. கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் கரைவது மிகவும் சொற்பம் என்பதால் அது மட்டும் குறையாமல் வெளியே வந்துவிடுகிறது. கண்ணுக்கும் மூக்குக்கும் புகையே இல்லாததுபோல் தோன்றும் இடத்தில்கூட ஆபத்தான அளவில் வாயு இருக்கலாம் என்பதற்கு இதுவே காரணம். மூக்கை நம்பிப் படகில் எந்த முடிவும் எடுக்கக்கூடாது.

பவல் ஏரி கற்றுக்கொடுத்தது

யூட்டா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில், கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட கிளென் கேன்யன் அணைக்குப் பின்னால் நீண்டு கிடக்கிறது பவல் ஏரி. செந்நிறப் பாறைச் சுவர்களுக்கிடையே நாள்கணக்கில் ஹவுஸ்போட்டிலேயே தங்கி விடுமுறையைக் கழிக்கும் இடம் அது. கோடையில் வெயில் நாற்பது டிகிரி செல்சியஸைத் தொடும். எனவே ஏர் கண்டிஷனருக்காக ஜெனரேட்டர் மணிக்கணக்கில் ஓடும். பழைய ஹவுஸ்போட்டுகள் பலவற்றில் ஜெனரேட்டரின் புகை வெளியேறும் துளை பின்புற நீச்சல் மேடைக்கு அடியில் அமைக்கப்பட்டிருந்தது. மேடைக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே மூன்று பக்கமும் அடைபட்ட ஓர் இடைவெளி இருந்தது. பிள்ளைகள் நீந்திப்போய் ஒளிந்து விளையாடுவதற்கென்றே அமைந்ததுபோன்ற இடம்.

2000 ஆம் ஆண்டு ஆகஸ்டில் இரண்டு சகோதரர்கள், சிறுவர்கள், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த ஹவுஸ்போட்டின் அந்த இடைவெளிக்குள் நீந்திச் சென்று உயிரிழந்தார்கள். அதைத் தொடர்ந்து தேசியப் பூங்கா சேவை, கடலோரக் காவல்படை, பணியிடப் பாதுகாப்பு மற்றும் உடல்நலத்துக்கான அமெரிக்கத் தேசிய நிறுவனம் ஆகியவை விசாரணையில் இறங்கின. கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 1,200 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்பது அந்தப் பணியிடப் பாதுகாப்பு நிறுவனம் வகுத்துள்ள அளவுகோல். மேடைக்கு அடியிலிருந்த இடைவெளியில் அளந்து பார்த்தபோது அதைப் பன்மடங்கு தாண்டிய செறிவுகள் பதிவாயின. பத்து லட்சத்தில் 12,800 பங்கு என்ற அளவில் இரண்டு மூன்று மூச்சுகளிலேயே நினைவு தப்பிவிடும். சில நிமிடங்களில் உயிர் போய்விடும். நீந்துபவருக்கு அவ்வளவு நேரம்கூட இல்லை. நினைவு தப்பியதுமே முகம் தண்ணீருக்குள் போய்விடுகிறது.

பழைய பதிவேடுகளைத் தேடியபோது, 1990 முதல் 2000 வரை அந்த ஓர் ஏரியில் மட்டும் 111 பேர் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு ஆளாகியிருந்தது தெரிந்தது. அவர்களில் 74 பேர் ஹவுஸ்போட்டுகளில் பாதிக்கப்பட்டவர்கள்; அந்த 74 பேரில் 64 பேரின் பாதிப்புக்கு ஜெனரேட்டர் புகை ஒன்றே காரணம்; எழுவர் இறந்துபோனார்கள். அந்த ஏரி அடங்கிய தேசியப் பூங்காப் பகுதிக்கு மருத்துவ ஆலோசனை வழங்கிவந்த அவசர சிகிச்சை மருத்துவர் ராபர்ட் பாரன் இத்தகைய சம்பவங்களைத் தேடித் தொகுத்ததில் பெரும் பங்காற்றினார். நீரில் இறந்தவரின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடைப் பரிசோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாவிட்டால் அந்த மரணம் நீரில் மூழ்கிய மரணம் என்றே பதிவாகி, உண்மைக் காரணம் அத்துடன் புதைந்துபோகும். நன்றாக நீந்தத் தெரிந்தவர் அமைதியான தண்ணீரில், படகுக்கு அருகிலேயே மூழ்கினார் என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் படகின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்கும் பழக்கம் எனக்கு இதிலிருந்துதான் வந்தது.

விசாரணையின் தொடர்ச்சியாக 2001 ஆம் ஆண்டில் அந்த வகை ஹவுஸ்போட்டுகளைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்யும் நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. ஜெனரேட்டர் புகையைப் பின்னால் விடாமல், மேல்தளத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் குழாய் வழியாக வெளியேற்றும் அமைப்பைப் பணியிடப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பரிந்துரைத்தார்கள். கார்பன் மோனாக்சைடை மிகக் குறைவாக வெளிவிடும் கடல்சார் ஜெனரேட்டர்களும் பின்னர் சந்தைக்கு வந்தன. ஆனால் படகுகள் நீண்ட ஆயுள் கொண்டவை. ஒரு சிறிய மெரினாவில், அதாவது படகுகளை நிறுத்தும் துறையில், உங்களிடம் ஒப்படைக்கப்படும் படகு எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: படகைக் கையில் வாங்கும்போது

படகை ஒப்படைப்பவர் உங்களுக்கு ஸ்டீயரிங், நங்கூரம், எரிபொருள் அளவு ஆகியவற்றைக் காட்டுவார். கனடாவில் வாடகைப் படகு எடுப்பவரிடம் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை விளக்கிக் கையெழுத்து வாங்குவதும் வழக்கம். அந்த நேரத்தில் அவசரப்படாமல், எஞ்சினின் புகை எங்கே வெளியேறுகிறது, ஜெனரேட்டர் இருந்தால் அதன் புகை எங்கே வெளியேறுகிறது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு, அந்த இடங்களை விரலால் சுட்டிக்காட்டச் சொல்லுங்கள். இரண்டும் வெவ்வேறு துளைகள் என்பதைப் பலர் அறிவதில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டோம் என்ற நிம்மதியில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கியிருப்பார்கள். ஜெனரேட்டரோ உள்ளே ஏர் கண்டிஷனருக்காகச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஜெனரேட்டரின் துளை பெரும்பாலும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, படகின் பக்கவாட்டிலோ பின்சுவரிலோ ஒரு சிறிய வட்டமாக இருக்கும். ஓடும்போது அதிலிருந்து தண்ணீர் விட்டுவிட்டுத் துப்பிக்கொண்டேயிருக்கும். அந்தத் துப்பலைக் கண்டால் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று பொருள். இதைப் பிள்ளைகளுக்கும் காட்டிவையுங்கள். பெரியவர்களைவிட அவர்கள் கூர்ந்து கவனிப்பார்கள்.

அதன்பின் நீச்சல் மேடைக்கு அடியில் குனிந்து பாருங்கள். மேடைக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு தலை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால், அந்த இடத்துக்குள் யாரும் எக்காலத்திலும் போகக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிடுங்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் அடைபட்ட இடத்தில் வாயு தங்கியிருக்கக்கூடும் என்பதால், நிறுத்தியாயிற்று என்ற சமாதானம் இந்த ஓர் இடத்துக்குப் பொருந்தாது.

கேபின் உள்ள படகானால் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை நீங்களே அழுத்தி ஒலிக்கச் செய்து பாருங்கள். உறையின் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் காலாவதி ஆண்டையும் பார்க்க வேண்டும், ஏனெனில் அதிலுள்ள உணரிக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான்; பொத்தானை அழுத்தினால் ஒலிக்கிறது என்பது மணி வேலை செய்கிறது என்பதற்குத்தான் சான்றே தவிர, உணரி வேலை செய்கிறது என்பதற்கு அல்ல. வீட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போவதானால், படகுகளுக்கும் கேம்பர் வண்டிகளுக்கும் ஏற்றது என்று குறிக்கப்பட்ட அலாரமே ஈரத்தையும் அதிர்வையும் தாங்கும்.

அலாரத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நிலவுவதால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்கத் தரநிலையின்படி, பத்து லட்சத்தில் 70 பங்கு வாயு இருந்தால் அலாரம் ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள்ளும், 400 பங்கு இருந்தால் 4 முதல் 15 நிமிடங்களுக்குள்ளும் ஒலிக்க வேண்டும். உறங்குபவரைக் காப்பாற்ற இது போதுமானது. மேடைக்கு அருகே நீந்துபவருக்கு ஏற்படும் ஆபத்து சில மூச்சுகளில் முடிந்துவிடுவது. கேபினுக்குள் மாட்டியிருக்கும் அலாரத்துக்கு அது தெரியக்கூட வராது. அலாரம் இருக்கிறது என்பதற்காகப் பின்புறத்தில் கவனத்தைத் தளர்த்துபவர் அலாரமே இல்லாதவரைவிட அதிக ஆபத்தில் இருக்கிறார் என்பது என் கருத்து. மின்னசோட்டா மாநிலத்தில், மின்னடோங்கா ஏரியில் 2015 ஆம் ஆண்டு படகு ஒன்றில் ஒரு சிறுமி இறந்ததைத் தொடர்ந்து, தங்கும் அறை உள்ள படகுகளில் இந்த அலாரத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அது அறைக்குள் இருப்பவரைக் காப்பதற்கான சட்டம்.

இரண்டாம் படி: தண்ணீரில் இறங்கும்போது

நிறுத்தும் இடத்துக்கு வந்ததும் எஞ்சினை அணைத்து, சாவியைக் கழற்றி, படகை ஓட்டுபவர் தம் கையிலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொள்ள வேண்டும். ஜெனரேட்டரையும் அணைக்க வேண்டும். அதன்பின் சற்று நேரம் காத்திருந்து, காற்று பின்புறத்தைச் சுத்தப்படுத்திய பிறகே ஏணியை இறக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாமல் கடைப்பிடித்தால் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியதில்லை. ஏணி கீழே இருந்தால் சாவி வெளியே இருக்கிறது என்று எல்லோரும் அறிந்துகொள்வார்கள். வெயில் கடுமையாக இருக்கிறது, உள்ளே பாட்டியோ கைக்குழந்தையோ இருக்கிறார்கள், ஏர் கண்டிஷனரை அணைக்க முடியாது என்ற நிலை வந்தால், அந்த நேரத்தில் நீச்சல் வேண்டாம். இரண்டில் ஒன்றுதான். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

ஏறும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். கடைசி ஆள் மேலே ஏறி, ஏணியும் தூக்கப்பட்டு, ஓட்டுபவர் தலைகளை எண்ணிப் பார்த்த பிறகே எஞ்சினைத் தொடலாம். படகைத் தள்ளும் சுழல் விசிறியால் ஏற்படக்கூடிய காயத்திலிருந்தும் இது காப்பாற்றும் என்பது கூடுதல் நன்மை. குளிர்ந்த எஞ்சின் கிளம்பும் முதல் சில நிமிடங்களில் எரிபொருள் அதிகமாகச் செல்வதால் கார்பன் மோனாக்சைடும் அதிகமாக வெளிவருகிறது. ஆகவே காலையில் முதல் தடவை எஞ்சினைக் கிளப்பும்போது பின்புறத்தில் காப்பிக் கோப்பையுடன் அமர்ந்திருப்பவர்களையும் முன்பக்கம் வரச் சொல்லுங்கள்.

பக்கத்தில் நிற்கும் படகையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு படகிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் அறிவுரை. நண்பர்களின் படகுகளை வரிசையாகப் பிணைத்துக் கட்டிக்கொண்டு விருந்து நடத்தும் பழக்கம் அங்கே உண்டு. அந்த வரிசையில் ஒரே ஒரு படகின் ஜெனரேட்டர் ஓடினாலும் எல்லாப் படகுகளின் பின்புறமும் ஆபத்தான இடமாகிவிடும். படகுத்துறைச் சுவரை ஒட்டி நிற்கும்போதும், செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே ஒதுங்கி நிற்கும்போதும், வெளியேறிய புகை சுவரில் முட்டித் திரும்பி வருகிறது.

மூன்றாம் படி: படகு ஓடும்போது

படகு முன்னோக்கிச் செல்லும்போது புகை பின்னாலேயே போய்விடும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் நகரும் படகின் பின்சுவருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, அங்கே சுழலும் காற்று புகையை வாரி எடுத்துப் படகுக்குள்ளேயே திருப்பி விடுகிறது. மண் சாலையில் ஓடும் வேனின் பின்கதவைத் திறந்து வைத்தால் புழுதி முழுவதும் உள்ளே வந்து நிறைவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். படகின் முகப்பு உயர்ந்து பின்பகுதி தாழ்ந்து செல்லும்போதும், பின்னால் அதிக எடை ஏற்றப்பட்டிருக்கும்போதும், மழைக்கும் குளிருக்கும் பயந்து பக்கவாட்டுக் கான்வாஸ் திரைகளை இறக்கிவிட்டுப் பின்பக்கத்தை மட்டும் திறந்து வைத்திருக்கும்போதும் இந்தச் சுழற்சி வலுக்கிறது. எனவே முன்பக்கக் கண்ணாடியையோ கூரைத் திறப்பையோ திறந்து, காற்று முன்னிருந்து பின்னாகப் பாய வழி செய்ய வேண்டும். பின்பக்கத்தை மட்டும் திறப்பது எல்லாவற்றையும் மூடுவதைவிட மோசம் என்றே சொல்லலாம்.

மெதுவாகப் போவது பாதுகாப்பு என்ற எண்ணமும் இந்த விஷயத்தில் எதிர்மாறாக வேலை செய்கிறது. துறைமுகத்தை நெருங்கும்போது அலை எழுப்பாமல் ஊர்ந்து செல்ல வேண்டிய பகுதி ஒன்று இருக்கும். பயணம் முடிகிறது என்ற களிப்பில் பிள்ளைகள் அப்போதுதான் பின்மேடையில் வரிசையாக அமர்ந்து, கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். பின்னாலிருந்து மெல்லிய காற்றும் அடித்தால், படகின் வேகமும் காற்றின் வேகமும் ஒன்றாகி, வெளியேறிய புகை படகோடு கூடவே வரும். ஒரு நாளின் மிக ஆபத்தான பத்து நிமிடங்கள் எவை என்று கேட்டால் நான் இவற்றைத்தான் சொல்வேன்.

ஓடும் படகின் மேடையைக் கையால் பற்றிக்கொண்டு, உடலைத் தண்ணீரில் இழுபட விடும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. பிறகு மேடையை விட்டுவிட்டு, படகு எழுப்பும் அலையில் சறுக்குவார்கள். முகம் புகைத்துளைக்குச் சில அடி தூரத்திலும், பெரும்பாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாமலும் விளையாடப்படுவதால், ஒரே நேரத்தில் இத்தனை ஆபத்துகளைச் சேர்த்துக்கொண்ட வேறொரு நீர் விளையாட்டு இருக்க முடியாது. இதனால் ஏற்பட்ட இளைஞர் மரணங்களைத் தொடர்ந்து கலிஃபோர்னியா 2004 ஆம் ஆண்டில் சட்டமியற்றி இதைத் தடை செய்தது. எச்சரிக்கை ஒட்டிகளைப் படகில் ஒட்டுவதும் அதே சட்டத்தின்படி வந்ததுதான். வேறு சில மாநிலங்களும் தடை விதித்தன. தடை இல்லாத இடத்திலும் இதை அனுமதிக்கக்கூடாது. டியூப்பில் அமர்த்தியோ வேக்போர்டில் நிற்கவைத்தோ இழுப்பதானால், இழுகயிறு 20 அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கயிற்றைப் பிடித்துக் காத்திருப்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எஞ்சினைச் சும்மா ஓட விடவும் கூடாது.

நான்காம் படி: இரவில் தங்கும்போது

உறங்கும்போது ஜெனரேட்டரை அணைத்துவிடுவதே நல்லது. மெரினாவில் கட்டியிருந்தால் கரை மின்சாரத்தை இணைத்துக்கொள்ளலாம். முகாம்களில் பயன்படுத்தும் கையடக்க ஜெனரேட்டரைப் படகில் ஏற்றவே வேண்டாம். பிரியாணிக்கோ பார்பெக்யூவுக்கோ கரி அடுப்பைக் கான்வாஸ் கூரைக்குக் கீழே மூட்டுவதும் இதே நச்சைத்தான் உண்டாக்கும் என்பதால், கரையில் இறங்கிச் சமைப்பதே சரி.

அறிகுறிகளும் குழப்பமும்

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், தளர்ச்சி, மனக்குழப்பம் ஆகியவை கார்பன் மோனாக்சைடு நச்சின் முதல் அறிகுறிகள். படகில் இவை யாவற்றுக்கும் தயாராக வேறொரு விளக்கம் கிடைத்துவிடுகிறது என்பதே இதன் சூழ்ச்சி. வெயில் தாங்கவில்லை, அலை ஒத்துக்கொள்ளவில்லை, காலையில் சாப்பிடவில்லை, கொஞ்சம் அதிகமாகக் குடித்துவிட்டார் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். படகில் யாருக்காவது இப்படி இருந்தால் முதலில் புகையைச் சந்தேகியுங்கள், பிறகு மற்றவற்றை. இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை என்று வைத்துக்கொண்டு செயல்படுவது நல்லது. அமைதியாகச் சோர்ந்து படுத்துவிட்ட குழந்தையைத் தூங்கட்டும் என்று விட்டுவிடாமல், எழுப்பிப் பார்க்க வேண்டும்.

ஒருவர் மயங்கிவிட்டால்

எஞ்சினையும் ஜெனரேட்டரையும் அணைப்பதுதான் முதல் வேலை. பதற்றத்தில் தண்ணீரில் குதிப்பவர் அதே வாயுவைச் சுவாசித்து அடுத்த ஆளாக மயங்குவார். மேடைக்கு அடியில் ஒருவர் சிக்கியிருந்தால் அந்த இடைவெளிக்குள் தலையை நுழைக்காமல், கொக்கிக் கழியாலோ கயிற்றாலோ வெளியே இழுக்க முயல வேண்டும். தண்ணீரில் இறங்கியே தீர வேண்டுமென்றால் லைஃப் ஜாக்கெட் அணிந்து, மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க இறங்க வேண்டும். பின்புறத்தில் இருக்கும் சிறுவர்கள் எந்நேரமும் லைஃப் ஜாக்கெட்டோடு இருக்க வேண்டும் என்று சொல்வதற்கும் இதுவே காரணம். நினைவிழந்தவர் மூழ்கிவிடாமல் மிதக்கச் சரியான அளவுள்ள ஜாக்கெட் உதவும்.

மேலே கொண்டுவந்தவரைக் காற்று வரும் திசையில், புகையற்ற இடத்தில் கிடத்துங்கள். மூச்சில்லையென்றால் மார்பழுத்தத்தோடு வாயால் மூச்சும் கொடுக்க வேண்டும். 911 ஐ அழையுங்கள். கைபேசி அலைவரிசை கிடைக்காத ஏரிகளில் வி.எச்.எஃப் ரேடியோவின் 16 ஆம் சேனலில் உதவி கேளுங்கள். அழைக்கும்போது நீரில் மூழ்கிவிட்டார் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், கார்பன் மோனாக்சைடு புகை இருந்த இடத்தில் மயங்கினார் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் சிகிச்சை வேறு திசையில் போய்விடக்கூடும். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிஜன் அளவி கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஒட்டியதாகவே காட்டும். ஆகையால் அதில் 98 என்று தெரிந்தாலும் ஏமாறக்கூடாது. இரத்தப் பரிசோதனை ஒன்றே உண்மையைச் சொல்லும், அதையும் தாமதிக்காமல் எடுக்க வேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவரின் இரத்தத்தில் அந்த வாயு பாதியாகக் குறைய நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். தூய ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். உடனே ஆக்சிஜன் கொடுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

எழுந்து உட்கார்ந்து பேசுகிறாரே, இனி மருத்துவமனை எதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். மறதி, குழப்பம், நடையில் தடுமாற்றம் போன்ற நரம்பு சார்ந்த பாதிப்புகள் சில நாட்களோ சில வாரங்களோ கழித்து வெளிப்படலாம். கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு இலேசான அறிகுறி மட்டும் இருந்தாலும் கருவிலிருக்கும் குழந்தைக்குப் பாதிப்பு அதிகமாக இருக்கக்கூடும் என்பதால் அவரை முதலில் அழைத்துச் செல்ல வேண்டும். அதே படகில் அதே நேரத்தில் இருந்த மற்றவர்களும் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னாலும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

படகை மெக்கானிக் பார்த்துச் சரிசெய்யும்வரை மறுபடி கிளப்பாதீர்கள். வாடகைக்குக் கொடுத்தவரிடம் நடந்ததை எழுத்தில் தெரிவித்து, புகைத்துளை இருக்கும் இடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் முதலுதவிக்கு மேற்பட்ட சிகிச்சை தேவைப்பட்ட படகு விபத்தை 48 மணி நேரத்துக்குள் மாநிலப் படகு அதிகாரிகளுக்கு அறிக்கையாகத் தர வேண்டும் என்பது சட்டம். கார்பன் மோனாக்சைடு நச்சும் அதில் அடங்கும். படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில் அந்த வாயுவின் பெயரைத் தவறாமல் எழுதுங்கள்.